பன்னிரண்டு பாட்டிலுக்கு ஒரு பஞ்சாங்கம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை ஒட்டி மகில் என்றொரு இடம். அங்கே பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் பழைய நிலவறைகள் இருக்கின்றன. 1957-இல், அங்கே தலைமை ஒயின் தயாரிப்பாளராக இருந்த மேக்ஸ் ஷூபர்ட்டுக்கு சிட்னி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. 'கிரேஞ்ச்' என்று ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்களே, அதை இத்தோடு நிறுத்துங்கள்.

ஷூபர்ட், ஷெர்ரியும் போர்ட்டும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வர 1950-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர். போன இடத்தில் பிரான்ஸின் போர்தோ பகுதிக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தார். நாற்பது, ஐம்பது வருடம் தூங்கி எழுந்த சிவப்பு ஒயின்களை அங்கே ருசி பார்த்தவருக்கு மண்டைக்குள் ஏதோ திறந்துகொண்டது. ஊர் திரும்பியதும், தன் ஊர் ஷிராஸ் திராட்சையில் அதேபோல நின்று பழுக்கும் ஒன்றைச் செய்ய இறங்கினார். 1951-இல் முதல் சோதனை. சில வருடச் சரக்கு சேர்ந்ததும் நிர்வாகத்தாரும் ஒயின் உலகப் புள்ளிகளும் கூடி உட்கார்ந்து ருசித்தார்கள். முகம் சுளித்தார்கள். நசுக்கிய எறும்பு மாதிரி இருக்கிறது என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அந்த உத்தரவு.

ஷூபர்ட் கேட்கவில்லை. 1957, 58, 59 ஆகிய மூன்று அறுவடைகளிலும் யாருக்கும் தெரியாமல் கிரேஞ்ச் செய்து நிலவறைக்குள் மறைத்து வைத்தார். புதுப் பீப்பாய்க்குப் பணம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இருக்கிற பீப்பாய்களிலேயே ஒப்பேற்றினார். அதற்குள், முகம் சுளித்த அந்தப் பழைய பாட்டில்கள் இருட்டில் தம் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. மறுபடி ருசித்துப் பார்த்த நிர்வாகம் 1960-இல் தடையை நீக்கியது. 1955-ஆம் வருடத்து கிரேஞ்ச், 1962-இல் சிட்னி ஒயின் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

எறும்பு என்றவர்களின் நாக்கில் பழுது இல்லை. பாட்டிலிலும் இல்லை. தேதிதான் தப்பு.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1985 டிசம்பர் 5 அன்று லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், 1787-ஆம் வருடத்து லஃபீத் என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்காக வாங்கப்பட்டது என்று அதற்கு ஒரு வரலாறும் ஒட்டியிருந்தது. ஏலத்தில் எடுத்த ஃபோர்ப்ஸ் குடும்பத்தார் அதை நியூயார்க்கில் தங்கள் காட்சிக்கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், நிற்க வைத்தார்கள். வெளிச்சத்தின் சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி உள்ளேயே விழுந்துவிட்டது. அந்த வரிசைப் பாட்டில்களே போலி என்று பின்னால் கிளம்பிய வழக்குகள் தனி ராமாயணம். அசலோ போலியோ, அன்றைக்கு உலகத்திலேயே அதிக விலைக்குப் போன பாட்டிலை ஒருவரும் ஒரு வாய் குடிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு லஃபீத் இருந்தது. வேறு விலை, அதே விதி. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு வெள்ளை ஒயின் கொண்டுவந்தார். நியூசிலாந்துச் சரக்கு, திருகு மூடி. ஒயின் பழசாகப் பழசாகத்தான் மவுசு என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சித்தி அதைப் பட்டுப் புடவைகளுக்கும் அந்துருண்டைக்கும் நடுவே பீரோவில் வைத்துப் பூட்டினார். மூத்தவன் கல்யாணத்துக்குத் திறப்பதாகத் திட்டம். ஒன்பது சென்னைக் கோடை கழிந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் ராத்திரி, மொட்டை மாடியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து திறந்தோம். நிறம் நல்லெண்ணெய், வாசனை, வெட்டிவைத்து மறந்துபோய்க் கறுத்த ஆப்பிள். "இதுக்குத்தானா இத்தனை வருஷம் சாவியை இடுப்புல சொருகிட்டுத் திரிஞ்சேன்?" என்றார் சித்தி. சித்தப்பா மட்டும் மரியாதைக்கு அரை டம்ளர் குடித்தார்.

ஒயின் விஷயத்தில் நம் ஆட்களின் பெரிய மூடநம்பிக்கை இந்தப் 'பழசு' மோகம்தான். நம்மை மட்டும் சொல்லக் கூடாது. கி.மு. 121-ஆம் வருடத்து ஒயின், ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்தும் ரோமாபுரியில் புழங்கியதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அது தேன் மாதிரி இறுகிக் கசந்து போயிருந்ததாம். அப்படியும் அதற்குப் பெயர் மங்கவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கணக்கு நமக்குத் தெரியாதது அல்ல. பொங்கலுக்குப் புது அரிசிதான் வேண்டும். அதே புது அரிசியில் பந்திக்குச் சோறு வடித்தால் குழைந்துபோய்ச் சமையல்காரர் மானம் போகும், அங்கே பழைய அரிசிதான் சரி. வடுமாங்காயைப் போட்ட அன்றைக்கே யாரும் இலையில் வைப்பதில்லை. தயிரை வடுமாங்காய் மாதிரி வருடக்கணக்கில் ஜாடியில் கட்டி வைப்பதும் இல்லை. எது புதுசில் ருசி, எது ஊறினால் ருசி என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஒயின் என்றதும் மட்டும் எல்லாவற்றையும் வடுமாங்காய் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் உலகச் சந்தைக்கு வரும் ஒயினில் மிகப் பெரும்பகுதி தயிர்தான். வாங்கி ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்றே செய்யப்படுவது.

பெட்டி என்றால் என்ன?

750 மில்லி பாட்டில் பன்னிரண்டு. ஒயின் வியாபாரத்தில் இதுதான் ஒரு 'கேஸ்'. பன்னிரண்டும் ஒரே ஒயினாக வாங்கலாம்; பலவகை கலந்தும் வாங்கலாம். கலந்து வாங்குவதுதான் மிக்ஸட் கேஸ். லண்டனிலோ டொராண்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது சர்வ சாதாரணம். பெட்டியாக எடுத்தால் விலையில் கொஞ்சம் தள்ளுபடி தரும் கடைகள் நிறைய. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 'ஒயின்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் ஒயினைத் தவிர எல்லாம் கிடைத்த ஊர் இது. இப்போது டாஸ்மாக் 'எலைட்' கடைகளில் வருவதுதான் வரும். பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் கண்ணில் படும்.

கலந்து வாங்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான நிறுவனம் இருக்கிறது. 1874-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு சர்வதேசக் கண்காட்சி நடந்தது. போர்ச்சுகல் அனுப்பிவைத்த ஒயின் பீப்பாய்கள் கேட்பாரற்று மண்டபத்தின் அடித்தளத்தில் கிடந்தன. அந்தச் சரக்கை எப்படியாவது தள்ளிவிட மதிய விருந்துகள் நடத்தினார்கள். விருந்துக்கு வந்தவர்களுக்கு ஒயின் பிடித்துப்போனது. எல்லோரும் பங்கு போட்டுச் சேர்ந்து வாங்கினால் என்ன என்று அங்கேயே தொடங்கியதுதான் 'தி ஒயின் சொசைட்டி' என்ற கூட்டுறவுச் சங்கம். நம் ஊர்ப் பண்டகசாலை மாதிரி, உறுப்பினர்களே முதலாளிகள். 150 வருடம் தாண்டியும் நடக்கிறது. அவர்களிடம் எனக்குப் பிடித்தது, ஒயினோடு 'இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை' என்று ஒரு காலக்கெடுவையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம். ஒயின்காரர்கள் இதை 'டிரிங்கிங் விண்டோ' என்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், முகூர்த்தம்.

மிக்ஸட் கேஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ருசியைப் பார்த்தே பொறுக்குகிறார்கள். சிவப்பு நாலு, வெள்ளை நாலு, ரோஸ் ரெண்டு, நுரை வருவது ரெண்டு. பந்தி பரிமாறும் கணக்கு இது. என்னைக் கேட்டால் நிறத்தை மறந்துவிட்டு முகூர்த்தத்தைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கினால் ஒரே பெட்டி பத்து, பன்னிரண்டு வருடம் ஓடும்.

பாட்டிலுக்குள் நடப்பது

ஒயினைத் தாங்கிப் பிடிக்கும் தூண்கள் நான்கு: புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, சாராயச் சத்து. இவற்றில் ஒன்றாவது பலமாக இருந்தால்தான் ஒயின் நிற்கும். துவர்ப்பு என்பது டானின். வாழைப்பூவை, நெல்லிக்காயைக் கடித்தால் நாக்கில் இழுக்குமே, அது. சிவப்பு ஒயினுக்கு இது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. பாட்டிலுக்குள் வருடங்கள் போகப் போக, இந்த டானின்களும் தோலின் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளமான சங்கிலிகளாகின்றன. கனம் தாங்காமல் போனவை கசடாக அடியில் படிகின்றன. இழுப்புக் குறைகிறது, மிருதுவாகிறது, ஊதாச் சிவப்பு மெல்ல மங்கிச் செங்கல் நிறத்துக்கு வருகிறது. வெள்ளை ஒயின் எதிர்த்திசையில் போகும். வைக்க வைக்க நிறம் ஏறும். கண்ணாடித் தம்ளரை வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தால் வயதை ஓரளவு கண்ணாலேயே படித்துவிடலாம்.

இந்த மாற்றத்தில் ஒரு விலையும் உண்டு. பழ வாசனை குறைந்துகொண்டே போகும். அதன் இடத்தில் தோல், புகையிலை, உலர்ந்த இலை, காளான், தேன் என்று வேறு வாசனைகள் வரும். வந்தால் லாபம். வருவதற்கு உள்ளே சரக்கு இல்லாத ஒயினில் பழம் போய்விடும், பதிலுக்கு ஒன்றும் வராது. சித்தியின் பீரோவில் நடந்தது அதுதான்.

என் பெட்டி

முதல் நான்கு பாட்டில்களை நான் அலமாரியில் வைக்கவே மாட்டேன். ஸ்பெயினின் கடலோர ஊர் சான்லூகாரிலிருந்து வரும் மன்சனீயா ஒன்று. பீப்பாய்க்குள் மேலே ஈஸ்ட் ஏடு படர்ந்து காற்றுப் படாமல் வளர்கிற, உப்பு வாடை அடிக்கிற ஷெர்ரி. பாட்டிலில் அடைத்த நாள் முதல் வயதாகத் தொடங்கிவிடும். திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அடுத்து நியூசிலாந்து மார்ல்பரோவின் சோவின்யோன் பிளாங்க். புல் வெட்டிய மணமும் கொய்யாவும் எலுமிச்சையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்த மணம்தான் அதன் முழுச் சொத்து, இரண்டு கோடைக்கு மேல் தங்காது. பிரான்ஸின் நான்ட் நகரப் பக்கத்திலிருந்து ஒரு மஸ்கடே, மீனுக்கு. புரோவான்ஸ் ரோஸ் ஒன்று. இவற்றைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, குடிக்கத்தான் இருக்கிறது.

அடுத்த நான்கு, இரண்டிலிருந்து ஆறு வருடக்காரர்கள். ஷார்டனே திராட்சையில் செய்யும் ஷாப்லி. இத்தாலியிலிருந்து கியாண்டி கிளாசிக்கோ. பிறகு, போஜொலேயிலிருந்து ஒரு மோர்கோன். போஜொலே என்றதும் எல்லோருக்கும் நவம்பர் மூன்றாம் வியாழன் அன்று உலகம் பூராவும் வெளியாகும் 'நுவோ'தான் ஞாபகம் வரும். செப்டம்பரில் பறித்த திராட்சை நவம்பரில் தம்ளருக்கு வந்துவிடும். அது பிறந்த ஊருக்குள்ளேயே மோர்கோன், மூலன்-ஆ-வான் போன்ற பத்துப் பகுதிகள் இருக்கின்றன. அதே காமே திராட்சைதான். ஆனால் அங்கே விளைந்து, நிதானமாகச் செய்தால் எட்டு, பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். திராட்சையின் பெயரை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாலாவது பாட்டில் ரியோஹா. பொறுமை இல்லாதவர்களுக்காக ஸ்பெயின்காரர்கள் செய்து வைத்திருக்கும் புண்ணியம் இது. காத்திருக்கும் வேலையைத் தயாரிப்பவரே செய்துவிடுகிறார். சிவப்பு 'கிரியான்சா' என்றால் குறைந்தது 2 வருடம் அவர் வைத்திருக்க வேண்டும், அதில் 1 வருடம் ஓக் பீப்பாயில். 'ரெசர்வா' என்றால் 3 வருடம். 'கிரான் ரெசர்வா' என்றால் 5 வருடம். இது விளம்பர வாசகம் அல்ல, சட்டம். 1877-இல் தொடங்கிய லோப்பெஸ் தே எரேதியா என்ற ஆரோ ஊர்க் குடும்பம் சட்டத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, பத்து வருடத்துக்கு மேல் தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்து பிறகு சிலவற்றைக் கடைக்கு அனுப்புகிறது. வாங்கிய அன்று மாலையே திறக்கலாம். ஐந்து வருடம் மறந்துபோனாலும் கோபித்துக்கொள்ளாது. முதல் முறையாகப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும் என்றால் ரெசர்வாவைத்தான் சொல்வேன்.

இனி வருபவை மூன்றும் வடுமாங்காய் ரகம்.

ஜெர்மனியின் மோசல் நதிக்கரையில், நிற்கவே பிடிமானம் தேவைப்படும் பலகைக்கல் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங். 'ஷ்பேட்லேசே' என்ற, தாமதமாகப் பறித்த வகை. சாராயச் சத்து வெறும் 8 சதவீதம் அளவில்தான் இருக்கும். இத்தனை மெலிசான ஒயின் இருபது வருடம் நிற்கும் என்றால் நம்ப மாட்டீர்கள். புளிப்பும் இனிப்பும் இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுப்பதால் நிற்கிறது. ஊறுகாய்க்குப் புளிப்பு, ஜாமுக்குச் சர்க்கரை, இது இரண்டும். வயதானால் இதில் மண்ணெண்ணெய் வாடை வரும். சும்மா சொல்லவில்லை. டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மம் அதற்குக் காரணம். ரேஷன் கடை வரிசையில் டின்னோடு நின்று வளர்ந்த எனக்கு அந்த மணம் ஒரு நிமிடம் பள்ளிக்கூட நாட்களை நினைவுபடுத்தியது. பக்கத்தில் இருந்த ஜெர்மானியருக்கு அது உன்னதம்.

சிட்னிக்கு வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்கின் செமியோன் இன்னொரு விசித்திரம். திராட்சை முழுதாக இனிக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். ஓக் பீப்பாயைக் காட்டுவதே இல்லை. முதல் இரண்டு வருடம் குடித்தால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர் போல ஒன்றுமே இல்லாமல் இருக்கும். பத்து வருடம் கழித்து அதே பாட்டிலில் வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டியும் தேனும் மணக்கும். ஓக்கில் வைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்கிற நிபுணர்கள் ஏமாந்திருக்கிறார்கள். விலையும் அதிகமில்லை என்பதால் நீண்ட காத்திருப்பைப் பழகிக்கொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

மூன்றாவது, இத்தாலியின் பியெமோன்த்தே பகுதி பரோலோ. நெபியோலோ திராட்சை. பார்க்க வெளிறிய சிவப்பு. வாயில் வைத்தால் கடுக்காய். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் வைத்த பிறகுதான் விற்கவே சட்டம் அனுமதிக்கிறது. அதற்கும் மேல் நீங்கள் பத்து வருடம் பொறுத்தால் ரோஜாவும் தாரும் கலந்த ஒரு வாசனை வரும். வந்த வாசனையை விவரிக்கப் போனால் கட்டுரை நீண்டுவிடும்.

இதோடு பதினொன்று. பன்னிரண்டாவதைப் பிறகு சொல்கிறேன்.

போர்தோ எங்கே?

கேட்பீர்கள் என்று தெரியும். 1855-ஆம் வருடத் தரப்பட்டியல், லஃபீத், லத்தூர், மார்கோ என்று ஒயினுக்கே மறுபெயரான ஊரை விட்டுவிட்டாயே என்று. வேண்டுமென்றேதான் விட்டேன்.

மிக்ஸட் கேஸில் உள்ள சங்கடம் இது: ஒவ்வொன்றும் ஒற்றை பாட்டில். திறந்தால் முடிந்தது. நல்ல போர்தோ சிவப்பு ஒயினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இளமையில் பழம் பொங்கிப் பேசும். பிறகு சில வருடம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி கதவைச் சாத்திக்கொள்ளும். மணமும் வராது, ருசியும் வராது, துவர்ப்பு மட்டும் நிற்கும். அந்த ஊமைக் காலம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று செய்தவருக்கே நிச்சயமில்லை. உங்களிடம் இருக்கும் ஒற்றை பாட்டிலை அந்த நேரத்தில் திறந்தீர்களானால் போட்ட காசு போயிற்று. போர்தோவை வாங்குவதென்றால் ஒரே ஒயினில் ஆறாக வாங்க வேண்டும். வருடத்துக்கு ஒன்று திறந்து, இது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டதற்கு ஆடம்பரத்தோடு இந்தக் காரணமும் உண்டு.

ஆகவே ஒற்றையாக வாங்கும்போது, முகூர்த்தம் அகலமாக இருப்பதையே எடுங்கள். ரீஸ்லிங், ரியோஹா, செமியோன் எல்லாம் அப்படி. மூன்று வருடம் முன்பின் ஆனாலும் பெரிய நஷ்டமில்லை. இன்னொரு வழி, பன்னிரண்டு வகைக்குப் பதில் ஆறு வகை, இரண்டிரண்டாக. ஒன்று சோதனைக்கு, ஒன்று விருந்துக்கு. பார்வைக்கு வகை குறையும். குடிக்கும்போது அந்தக் குறை தெரியாது.

வருடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நல்ல வருடம்' என்று பெயர் வாங்கிய வருடத்து ஒயின்தான் எப்போதும் சிறந்தது என்று எடுக்காதீர்கள். போர்தோவில் 2010 அருமையான வருடம், அதனாலேயே மெல்ல நடக்கும் வருடம். மழையில் நொந்த 2013-இன் ஒயின்கள் சீக்கிரமே தயாராகிவிட்டன. இன்று ராத்திரிக்கு என்றால் சுமாரான வருடத்து நல்ல தோட்டம், பெரிய வருடத்துப் பச்சைக் குழந்தையைவிட இதமாக இருக்கும். விலையும் பாதி.

வெயில்

இத்தனை பஞ்சாங்கமும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: 12, 13 டிகிரி வெப்பம், இருட்டு, ஓரளவு ஈரப்பதம், அசைவின்மை. தக்கை அடைத்த பாட்டிலைப் படுக்கப் போட வேண்டும், தக்கை நனைந்தே இருக்க வேண்டும். ஐரோப்பிய நிலவறை இதையெல்லாம் இலவசமாகத் தருகிறது. சூடு ஏற ஏற உள்ளே எல்லா மாற்றமும் வேகமெடுக்கும், அதுவும் கோணலாக. பழுப்பதற்குப் பதில் வெந்துபோகும்.

குளிரும் இருட்டும் என்ன செய்யும் என்பதற்கு பால்டிக் கடல் ஒரு சாட்சி சொன்னது. 2010-இல் பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளுக்கு அருகே சுமார் 50 மீட்டர் ஆழத்தில், மூழ்கிய கப்பல் ஒன்றில் 168 ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்தன. ஏறக்குறைய 170 வருடம் கடலடியில் கிடந்தவை. சிலவற்றைத் திறந்தபோது முதலில் ஈர முடி, பாலாடைக்கட்டி வாடை. தம்ளரைச் சுழற்றிக் காற்றாட விட்டதும் புகை, தோல், அப்புறம் பூவும் பழமும். அந்தக் காலத்து ஷாம்பெயினில் இன்றையதைவிடப் பல மடங்கு சர்க்கரை; அதுவும் காப்பாற்றியது.

சென்னையிலோ மதுரையிலோ ஒயினுக்கென்று தனிக் குளிர்ப்பெட்டி இல்லாதவர்கள் என் பட்டியலின் முதல் எட்டோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம், அதையும் ஆறு மாதத்துக்குள் முடிப்பது மேல். ராத்திரி ஏ.சி., பகலில் கொதி என்று மாறி மாறி அடிப்பது நிலையான சூட்டைவிட மோசம். சமையலறை மேல் அலமாரி, ஃபிரிட்ஜின் தலை, கார் டிக்கி மூன்றும் சுடுகாடு. சாதாரண ஃபிரிட்ஜில் சில மாதம் இருந்தால் தவறில்லை. 'சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில்' என்ற வாசகத்தை எழுதியவர் குளிர்ந்த கல் வீட்டில் இருந்தவர். நம் அறை வெப்பத்தில் அது ரசம். பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இந்த வெயில் நாட்டுக்கு ஒயின் வராமல் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்திய தரைக்கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. யவனர் கலங்களில் வந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். எத்தனை மாதக் கடல் சூடு தாங்கி வந்ததோ. கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஒயினில் கடல் நீரே கலப்பார்கள். உப்புப் போட்டு அனுப்பினால் கெடாது என்ற கணக்கு நமக்கும் புதிதில்லை.

பன்னிரண்டாவது பாட்டில் இங்கேதான் வருகிறது: மடெய்ரா. அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலின் எரிமலைத் தீவு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே நின்று போன கப்பல்கள் ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. பூமத்திய ரேகையைத் தாண்டிக் கப்பலின் அடித்தளத்தில் வெந்து, ஆடி, உலைந்து வந்த ஒயின் கெடுவதற்குப் பதில் மேலும் ருசியாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சென்னப்பட்டணத்துக் கோட்டைக்குள் கம்பெனிக்காரர்கள் விரும்பிக் குடித்தது இதைத்தான். இந்தியாவுக்குப் போய்த் திரும்பியது என்றால் விலையே தனி. கப்பல் காலம் போன பிறகு, மாடியறையில் வருடக்கணக்கில் வெயிலில் வைத்தும் தொட்டியில் சூடேற்றியும் அதே வேலையைத் தீவிலேயே செய்கிறார்கள். படைக்கும்போதே கொதிக்க வைத்துவிட்டதால் இனி அதைக் கெடுக்கச் சூட்டால் முடியாது, காற்றாலும் முடியாது. நூறு வருடம் நிற்கும். திறந்து மூடினாலும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். சித்தி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டியது இதை.

தேதியை எங்கே எழுதுவது?

பாட்டில் கழுத்தில். ஓர் அட்டைத் துண்டைக் கட்டி, வாங்கிய மாதம், திறக்க வேண்டிய முதல் வருடம், தாண்டக் கூடாத வருடம் மூன்றையும் எழுதித் தொங்கவிடுங்கள். கைபேசியில் குறித்தால் கைபேசி மாறும்போது போய்விடும். சந்தேகம் வரும்போது முந்தைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் திறந்த ஒயினை டிகாண்டரில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விட்டால் கொஞ்சமாவது வழிக்கு வரும். பிந்திப்போனதற்கு மருந்து கிடையாது. முப்பது வருடக் கிழத்தை மட்டும் அப்படிக் காற்றாட விடாதீர்கள். கசடு கலங்காமல் மெல்ல வடித்து, உடனே குடிக்க வேண்டும். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது உங்கள் பிழையல்ல. தக்கையிலிருந்து இறங்கும் டி.சி.ஏ. என்ற சேர்மத்தின் வேலை. நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார்.

எல்லாம் சொன்ன பிறகும் ஒரு பாட்டிலின் நேரம் வந்துவிட்டதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஷூபர்ட்டின் ஆட்களுக்கும் இது தெரியும். 1991-இலிருந்து பென்ஃபோல்ட்ஸ் பல நகரங்களில் 'மறுதக்கை முகாம்' ஒன்றை நடத்துகிறது. தங்கள் சிவப்பு ஒயின் பாட்டில் 15 வருடம் தாண்டியிருந்தால், வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டு வரலாம். குழந்தையை வைத்தியரிடம் கொண்டுபோகும் பதற்றத்தோடு மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒயின் தயாரிப்பாளர் அவர்கள் கண்ணெதிரே திறப்பார். ஒரு மிடறு ஊற்றிப் பார்ப்பார். இன்னும் வைக்கலாம் என்றால், குறைந்த அளவைப் புதிய ஒயினால் நிரப்பி, புதுத் தக்கை அடித்து, கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒட்டித் தருவார்.

தேறாததற்குச் சான்றிதழ் இல்லை. மூடி, ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை இனி ஏலத்தில் விற்க முடியாது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு குடித்து முடிக்க வேண்டியதுதான்.